பெனிசிலினுக்குத் துணை தேடிய கதை

பெனிசிலின் கிருமியைக் கொல்லும் என்பது யாவரும் அறிந்த செய்தி. அது கொல்லும் விதமே இங்கு நாம் காணவேண்டுவது. நுண்ணுயிர் தன்னைச் சுற்றி மதில் ஒன்று எழுப்பிக்கொள்கிறது. அம்மதிலின் இழைகளைப் பிணைப்பது ஒருவகை நொதி. (நொதி யாது என வினவும் பிள்ளைகளுக்கு மாவு புளிப்பதையும் கள் நுரைப்பதையும் காட்டினால் போதும், சொல்லும் அங்கிருந்து வந்ததே.) பெனிசிலின் அந்நொதியைப் பற்றிச் செயலறச் செய்கிறது. மதில் வலுவிழக்கவே கிருமி வெடித்து மடிகிறது.

கிருமியும் வாளா இருப்பதன்று. சில கிருமிகளிடம் பெனிசிலினையே சிதைக்கும் வேறொரு நொதி உண்டு என்பதை ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், செயின் என்னும் அறிஞர் இருவர் 1940இலேயே எழுதினர். மருந்து பெருவழக்கிற்கு வருமுன்பே அதற்கு எதிர்மருந்து கிருமியின் கையில் இருந்தது!

அந்த நொதியின் கையைக் கட்டிவிட்டால் என்ன? இங்கிலாந்தில் சர்ரே மாநிலத்துப் பிராக்கம் பார்க்கிலிருந்த பீச்சம் ஆய்வுக்கூடத்தார் 1960களின் இறுதியில் இவ்வேட்டையைத் தொடங்கினர். அவர்கள் வகுத்த சோதனை மிக எளியது. நாம் பலகாரம் செய்யும் அகர் அகர் கூழைத் தட்டில் ஊற்றி, அதில் பெனிசிலினையும் கிளெப்சியெல்லா என்னும் கிருமியையும் கலந்தனர். அக்கிருமி பெனிசிலினைச் சிதைத்துவிட்டுத் தட்டெங்கும் செழித்து வளரும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்தெடுத்த சாற்றில் சில துளிகளை அத்தட்டில் இடுவர். சாற்றில் நொதியைத் தடுக்கும் பொருள் இருப்பின் பெனிசிலின் பிழைக்கும். சுற்றிலும் உள்ள கிருமி மடியும். அவ்விடத்தில் தெளிந்த வட்டம் தோன்றும். சாறே கிருமியைக் கொன்றதோ என்னும் ஐயம் எழலாம். பெனிசிலின் கலவாத மற்றொரு தட்டோடு ஒப்பிட்டால் அது தீரும்.

அவ்வாறு அகப்பட்டதே கிளாவுலானிக் அமிலம். அதனைத் தந்த மண்ணுயிரின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ். பின்சொல் இலத்தீனில் 'சிறு கதாயுதம் தாங்கியது' எனப் பொருள்படும். பெயருக்கேற்ற வலிமை அந்த அமிலத்துக்கு இல்லை. தனித்து நின்று கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்குக் குறைவே. 'நீ கொல்வாயா?' என்று மட்டும் வினவியிருந்தால் அதனைக் குப்பையில் எறிந்திருப்பர். நொதி இதனைப் பெனிசிலின் என மயங்கிப் பற்றும், பற்றியபின் விடமாட்டாது. அமாக்சிசிலினோடு இணைந்து 1981இல் பிரிட்டனில் வெளிவந்த இம்மருந்தே 'ஆக்மென்டின்'.

பீச்சம் நிறுவனம் பின்னர்க் கிளாக்ஸோஸ்மித்கிளைனில் கலந்தது. அந்நிறுவனத்தார் 1995 முதல் 2001 வரை வேறொரு நெறியைக் கையாண்டனர். கிருமியின் மரபணுக்களை ஆராய்ந்து, உயிர்வாழ இன்றியமையாத நொதி முதலியவற்றைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின்மீதும் 2,60,000 முதல் 5,30,000 வரையிலான பொருள்களைச் சோதித்தனர். இத்தகைய வேட்டை 70 நடந்தது; அவற்றுள் 67 தனித்த இலக்குகளின்மீது நிகழ்ந்தவை. தொடர்ந்து ஆராயத்தக்கனவாகக் கிடைத்தவை ஐந்தே! சோதனைக் குழாயில் நொதி காவலின்றி நிற்கிறது. கிருமிக்குள்ளோ அதனை அடையச் சவ்வுகளைக் கடக்கவேண்டும், ஈ. கோலை போன்றவற்றுக்குச் சவ்வு இரண்டு. உள்ளே நுழைந்ததையும் வெளியே இறைத்துத் தள்ளும் பொறிகள் வேறு. குழாயில் தேறியவை பல வாயிலிலேயே தோற்றன.

இதனால் பிராக்கம் பார்க் தட்டே சிறந்த தேர்வு என்பது என் கருத்து. அங்கே உயிருள்ள கிருமியே தேர்வாளராக இருந்தது. நொதியை எட்டாத பொருள் வட்டம் வரையவில்லை. அந்நொதி புறச்சவ்வை அடுத்தே இருந்தது என்னும் நல்வாய்ப்பையும் மறைத்தலாகாது.

2009இல் விவரிக்கப்பட்ட என்.டி.எம். என்னும் நொதியின் செயல் துத்தநாகத்தைக் கொண்டு நடைபெறுவது. அதனிடம் கிளாவுலானிக் அமிலத்தின் மயக்கு வேலை பலிப்பதில்லை. அதற்குரிய தடுப்பைத் தேடி ஆய்வுக்கூடங்கள் மீண்டும் சலித்துக்கொண்டிருக்கின்றன.