உடல் கற்கும் பாடம்

பிறந்த குழந்தைக்குத் தாய் அளிக்கும் செல்வங்களுள் கண்ணுக்குப் புலனாகாத ஒன்று உண்டு. தாயின் குருதியினின்று கருவிலேயே குழந்தையைச் சென்றடையும் நோய் எதிர்ப்புப் பொருளே அது. அச்செல்வம் சில திங்களிற் குறைந்துவிடும். அதன்பின் குழந்தையின் உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளப் பயிலல் வேண்டும். அப்பயிற்சியின் இயல்பினை ரோட்டா வைரஸ் என்னும் நோய்க்கிருமியின் வாயிலாக அறியலாம்.

1973ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ரூத் பிஷப் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் வயிற்றுப்போக்குற்ற குழந்தைகளின் சிறுகுடலில் இக்கிருமியைக் கண்டனர். சக்கரம் போன்ற வடிவுடைமையால், இலத்தீன் மொழியிற் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்னும் சொல் இதற்குப் பெயராயிற்று.

தடுப்பு மருந்து இல்லாத இடங்களில், ஐந்து வயதிற்குள் இக்கிருமி தொற்றாத குழந்தையைக் காண்டல் அரிது. ஆறு திங்கள் முதல் இரண்டு ஆண்டு வரையுள்ள பருவமே இடர் மிக்கது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் உடலின் நீரை வற்றச் செய்யும். இழந்த நீரை உடனே ஈடு செய்யாவிடின் உயிர்க்கே இறுதி நேரும்.

முதல் தாக்குதலே பெரும்பாலும் கொடிது. அதினின்று மீண்ட உடல் பகைவனை நினைவிற் கொள்கிறது. எதிர்ப்புப் பொருளையும் ஆக்கிக்கொள்கிறது. மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறப்பு முதல் இரண்டாண்டு வரை ஆராய்ந்தோர் 1996ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். இருமுறை தொற்றுற்ற குழந்தை எதுவும் பின்னர் இக்கிருமியாற் கடும் வயிற்றுப்போக்கு அடையவில்லை. ஆயின், 2011ஆம் ஆண்டில் வெளிவந்த வேலூர் ஆய்வில், மும்முறை தொற்றிய பின்னரும் காப்பு நூற்றுக்கு 79 அளவினதாகவே இருந்தது. பாடம் ஒன்றாயினும், அது பதியும் அளவு இடந்தோறும் வேறுபடும் போலும்.

பன்முறை தொற்றுற்று வளர்ந்தோர் குருதியில் எதிர்ப்புப் பொருள் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஆதலின் அவர்க்கு நோய் மெலிதாகவே வரும், வாராமலும் போகும். எனினும், அவர் கைவழியே கிருமி குழந்தையைச் சேர்தல் கூடும். முதுமையில் உடலின் ஆற்றல் தளர, நோய் மீண்டும் வலிமை பெறுதலும் உண்டு.

முதற் பாடமே உயிரைப் பறிக்குமாயின், கற்றுப் பயன் யாது? இவ்விடர் நீக்கவே, வலி குறைந்த கிருமியை வாய்வழி ஊட்டும் தடுப்பு மருந்து தோன்றியது. 2016ஆம் ஆண்டில் இந்திய அரசு தன் தடுப்பு மருந்துத் திட்டத்தில் இதனைச் சேர்த்தது. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடும் இதனை ஏற்றது. பிறந்த ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் இம்மருந்து ஊட்டப்பெறுகிறது. தாய் தந்த செல்வம் குறையுமுன்னரே, துன்பமின்றி உடல் தன் பாடத்தைக் கற்கத் தொடங்குகிறது.