நினைவுப்பொருட்களும் மறக்கப்பட்ட உழைப்பும்: நியூயோர்க்கின் யூத உணவகங்கள் குறித்து

1937 இல் நியூயோர்க் நகரின் ஏழாம் அவெனியூவில் தொடங்கிய கார்னகி டெலி 2016 டிசெம்பர் 31 ஆந் திகதியுடன் மூடப்பட்டது. டெலி என்பது, உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை விற்பதோடு அங்கேயே அமர்ந்து உண்ணவும் இடமளிக்கும் உணவகமாகும். இறுதி நாட்களில் அதன் வாயிலில் நீண்ட வரிசைகள் நின்றன. பத்திரிகைகள் இரங்கலுரை எழுதின. இந்த ஏக்கம் போலியானதன்று. ஆயின் அது எதனை நினைக்கின்றது, எதனை மறக்கின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ இருபது இலட்சம் யூதர், வறுமையாலும் வன்செயல்களாலும் உந்தப்பட்டு ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். நியூயோர்க்கின் லோவர் ஈஸ்ற் சைட் பகுதியில் ஒடுங்கிய அறைகளில் நெருங்கி வாழ்ந்தோருட் பெருந்தொகையினர் தையற்றொழிலாளர். டெலியின் ஊணும் அவ்வறுமையின் கைவண்ணமே. பாஸ்ட்ராமி, ரூமேனிய யூதர் கொண்டுவந்த பக்குவம். மாட்டின் மார்பு, வயிற்றுப்புறத் தசைகள் கடினமானவை, அதனால் மலிவானவை. அவற்றைப் பல நாள் உப்பில் ஊறவைத்து, மிளகு முதலியன தடவிப் புகையூட்டி, ஆவியில் நெடுநேரம் வேகவைத்தே மென்மையாக்கினர். இன்று 'சுவை மரபு' எனப் போற்றப்படுவது, மலிவான தசையை உண்ணத்தக்கதாக்கிய உழைப்பன்றி வேறில்லை.

அவ்வாழ்வில் இறைச்சி பெற்றிருந்த இடத்தை 1902 மே மாதக் கிளர்ச்சி காட்டும். சமய விதிப்படி அறுக்கப்பட்ட கோஷர் இறைச்சியின் விலை இறாத்தல் 12 சதத்திலிருந்து 18 சதமாக உயர்ந்தபோது, இல்லத்தரசிகள் கடைகளைப் பகிஷ்கரித்து வீதியில் இறங்கினர், பலர் கைதாயினர். 1909 இல் மேற்சட்டை தைக்கும் தொழிலாளர் ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் இளம் பெண்கள், வேலைநிறுத்தஞ் செய்தனர். தொழிற்சங்கமும் இத்திஷ் மொழிப் பத்திரிகையும் டெலியும் ஒரே தெருவில் வளர்ந்தவை.

1930களில் அந்நகரில் 1,500க்கு மேற்பட்ட கோஷர் டெலிகள் இருந்ததாகக் கூறுவர். இன்று எஞ்சியவை சிலவே. 1924 இன் குடிவரவுச் சட்டம் புதியோரின் வருகையைத் தடுத்தது. நாசிகளின் இனப்படுகொலை அம்மரபின் தாயகத்தையே அழித்தது. நிலவாடகையும் ஏறிற்று: செக்கன்ட் அவெனியூ டெலி வாடகைத் தகராற்றினால் 2006 இல் தன் பழைய இடத்தில் மூடப்பட்டு, 2007 இல் வேறிடத்தில் திறக்கப்பட்டது. எனினும் வாடகையொன்றே காரணமென்பது பொருந்தாது; கார்னகி டெலியின் கட்டடம் உரிமையாளருக்கே சொந்தமானது. உலகப்போரின் பின் தையற்காரரின் பிள்ளைகள் ஆசிரியரும் மருத்துவருமாகிப் புறநகர் சென்றனர். வாடிக்கையாளரின் வர்க்கம் மாறியமையே அடிப்படைக் காரணமெனலாம். இன்று டெலிக்காக ஏங்குவோருட் பலர் அத்தெருவிலிருந்து மேலேறிச் சென்றோரின் வழித்தோன்றல்களே.

இவ்விடத்திலேதான் நினைவுப்பொருட்கள் முக்கியத்துவம் பெறுகின்றன. கார்னகி டெலியின் சுவரை நிறைத்திருந்தவை நடிகர், பாடகர் முதலியோரின் கையொப்பமிட்ட படங்கள். வூடி அலனின் 1984 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. 1888 முதல் இயங்கும் கற்ஸ் டெலியிலோ, 1989 இல் வெளிவந்த திரைப்படமொன்றின் காட்சி எடுக்கப்பட்ட மேசைக்கு மேலே அறிவிப்புப் பலகை தொங்குகின்றது. 2022 இல் லொஸ் ஏஞ்சலிசில் தொடங்கிய டெலி பற்றிய கண்காட்சிக்கும் அத்திரைப்பட வசனமே தலைப்பாயிற்று. அக்கண்காட்சி பரிசாரகரின் சீருடையையும் காட்சிக்கு வைத்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயினும் பொதுவில் பேணப்படுவது உண்டவரின் நினைவு, சமைத்தவரின் நினைவன்று. 1902 இன் பெண்களுக்கு எந்த மேசைக்கு மேலே பலகை உண்டு?

கார்னகி டெலி மூடப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஊதியம் தொடர்பாகப் பணியாளர் தொடுத்த வழக்கு 2.65 மில்லியன் டொலர் இணக்கத்துடன் முடிவுற்றது. இரங்கலுரைகளில் இதற்குக் கிடைத்த இடம், பாணிடை அடுக்கிய இறைச்சியின் உயரத்துக்குக் கிடைத்ததிலும் குறைவு. கடை மூடிய பின்னரும் பெயர் மூடப்படவில்லை. மேசையும் பரிசாரகரும் அயலாரின் வாதங்களும் இன்றி, அப்பெயர் பொறித்த பொதிகளில் பாஸ்ட்ராமி வீடுகளுக்கு அனுப்பி விற்கப்பட்டது.