எத்தனை உயிர் மிச்சம்?



ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், கோவையில் நான் பாடம் நடத்தும் மதரஸாவுக்கு ஓடிவந்த பதினொரு வயது மாணவன் படிக்கட்டில் தடுக்கி விழுந்தான். முழங்கால் சிராய்ந்து இரத்தம் கசிந்தது. தூக்கி நிறுத்தி, "வலிக்கிறதா?" என்று கேட்டேன். "பத்துப் பாயிண்ட்தான் போச்சு ஹஜ்ரத், இன்னும் தொண்ணூறு இருக்கு!" என்று சிரித்தான். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் விளங்கவில்லை. பிறகு அவர்களே விளக்கினார்கள். கைப்பேசி விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் நூறு புள்ளி உயிர். அடிபட்டால் குறையும், மருந்து கொண்டால் கூடும், பூஜ்யமானால் ஆட்டம் முடிந்தது.

உயிரை எண்ணிக்கையாக்கிப் பேசும் இந்த மொழி எங்கிருந்து வந்தது? நம் பிள்ளைகளின் நாவில் அது குடியேறிவிட்டபடியால், பெற்றோர்களாகிய நீங்கள் இதை அறிந்திருப்பது நலம்.

நம் கொங்கு நாட்டுத் திண்ணைகளில் கரிக்கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாண்டினால் ஆடு போயிற்று. காயம்பட்ட ஆடு என்று ஒன்று அங்கே கிடையாது. சதுரங்கத்திலும் அப்படியே. வெட்டப்பட்ட காய் பலகையைவிட்டு இறங்க வேண்டியதுதான். சடுகுடுவில் ஆட்டமிழந்தவன், தன் அணி எதிராளியை வீழ்த்தினால் மீண்டும் களத்துக்கு வருவான். ஆனால் பாதி உயிரோடு நிற்பவன் அங்கும் இல்லை.

இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. அங்கே அதைப் போர்ப் பயிற்சிக்கு ஏற்ப மாற்ற முயன்றார்கள். 1824-ல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில்தான், ஒரு படைப்பிரிவு ஒரே அடியில் மறையாமல், சிறிது சிறிதாக இழப்புக்கு உள்ளாகும் கணக்கு இடம்பெற்றது. எவ்வளவு இழப்பு என்பதைப் பகடை தீர்மானித்தது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை வீரனாகவோ மந்திரவாதியாகவோ பேசி, பகடை உருட்டி, கதையை வளர்ப்பார்கள். ஆசையோடு உருவாக்கிய பாத்திரம் ஒரே அடியில் மாண்டுபோவதை ஆர்னெசனின் நண்பர்கள் விரும்பவில்லை. எனவே அவர், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கவசக் கப்பல்களைப் பற்றித் தாம் முன்பு எழுதியிருந்த விதியை எடுத்து மனிதனுக்குப் பொருத்தினார். குண்டுகள் பல பட்டும் மிதக்கும் கப்பலைப் போல மனிதனும் அடி தாங்கி நிற்கத் தொடங்கினான். இதுவே 'ஹிட் பாயிண்ட்'. தாங்கும் புள்ளி என்று நாம் சொல்லலாம்.

பகடை என்றதும் உங்களில் பலர் புருவம் உயர்த்துவீர்கள்; அது சரியே. பகடையால் ஆடும் நர்து ஆட்டத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பெரும்பாலான இமாம்கள் அதைத் தடுத்தே இருக்கிறார்கள். எனவே இந்த விளையாட்டை வாங்கி ஆடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பகடையே கண்ணில் படாத கைப்பேசி விளையாட்டுகளுக்குள்ளும் அதன் கணக்கு புகுந்துவிட்டது. அந்தக் கணக்கை விளங்கிக்கொள்வதே என் நோக்கம்.

அந்தக் கணக்கில் ஒரு புதிர் உண்டு. 1974-ஆம் ஆண்டு விதிப்படி, சாதாரண மனிதனுக்கு ஒன்று முதல் ஆறு வரை புள்ளிகள். ஒரு வாள்வீச்சும் ஒன்று முதல் ஆறு வரை பறிக்கும். அதாவது ஒரே வீச்சில் சாகலாம். ஆனால் அனுபவம் கூடக் கூட வீரனின் புள்ளிகளும் கூடும். பத்து வீச்சுக்குப் பின்னும் நிற்பான். அவன் சதை என்ன, கருங்கல்லாகிவிட்டதா? 1979-ல் கைகாக்ஸ் இதற்கு விடை எழுதினார். கூடிய புள்ளிகள் எல்லாம் உடலின் வலிமை அல்ல. பெரும்பகுதி போர்த்திறன், ஆபத்தை முன்கூட்டி உணரும் புலன், அதிர்ஷ்டம், மேலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு ஆகியவையே என்றார். அதாவது புள்ளி குறைவது என்றால் வாள் உடலில் பாய்ந்தது என்று பொருளல்ல; மயிரிழையில் தப்பினான், இனி தப்புவது கடினம் என்று பொருள்.

இதைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவர்கள் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள். மூத்தா போரில் அவர்கள் கையில் ஒன்பது வாள்கள் உடைந்தன என்று ஸஹீஹ் புகாரி கூறுகிறது. உடலெங்கும் தழும்பு சுமந்த அந்த மாவீரர், போர்க்களத்தில் அன்றி, ஹிஜ்ரி 21-ல் படுக்கையில் வஃபாத்தானார்கள். கைகாக்ஸ் அதிர்ஷ்டம் என்று எழுதிய இடத்தில் நாம் அஜல் என்கிறோம். அல்லாஹ் குறித்த தவணை வரும்வரை எந்த வாளும் உயிரைப் பறிக்காது. ஆனால் அந்தத் தவணை திரையின் மூலையில் எழுதிக் காட்டப்படவில்லை. எவருக்கு எவ்வளவு மிச்சம் என்பது எவருக்கும் தெரியாது.

தெரியாது என்பதற்காக அசட்டையாக இருக்கலாமா? உஹதுப் போரில் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவசங்கள் அணிந்திருந்தார்கள். அப்படியும் திருமுகத்தில் காயம்பட்டது. அலீ (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவி, இரத்தம் நிற்காததால் பாயை எரித்த சாம்பலை அப்பினார்கள். காயம் இருந்தது, வலி இருந்தது, கழுவ ஒரு மகள் இருந்தார்.

விளையாட்டின் பெரிய குறை இங்குதான் தெரிகிறது. நூறு புள்ளி உள்ளவனும் ஒரே புள்ளி உள்ளவனும் அங்கே ஒரே வேகத்தில் ஓடுகிறார்கள், ஒரே வலுவில் அடிக்கிறார்கள். 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற விளையாட்டு கைக்கும் காலுக்கும் தனித்தனியே கணக்கு வைத்துப் பார்த்தது. ஆனால் எளிய கணக்கே உலகெங்கும் பரவியது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014-ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தால் இழந்த புள்ளிகள் அனைத்தும் திரும்பிவிடும். வாழ்க்கை அப்படியா?

நம் வீடுகளைப் பாருங்கள். லேத் பட்டறையிலும் விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் உழைக்கும் தந்தை, கடைசிப் புள்ளி வரை முழு வேகத்தில் ஓடுகிறார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளே குறைத்துக்கொண்டே வருவதை, அவர் விழும் நாளில்தான் நாம் அறிகிறோம். ரமளானில் ஸஹருக்கு முதலில் எழுந்து இரவில் கடைசியாகப் படுக்கும் தாயிடம், "உனக்கு முடிகிறதா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்? உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என்று கற்பித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). முஃமின்கள் ஓருடல் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் மற்ற உறுப்புகளும் உறக்கமின்றித் தவிக்கும் என்றும் கற்பித்தார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. "எனக்கு மூன்றுதான் மிச்சம்" என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்வான். சிகிச்சை அறிந்தவன் உடனே அவன் பக்கம் திரும்புவான். நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. இன்றிரவு ஸஹனைச் சுற்றி அமரும்போது ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கைப்பேசி தேவையில்லை.

அந்த மாணவனை ஹவுளருகே அழைத்துச் சென்று காயத்தில் தண்ணீர் ஊற்றினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன், "எரியுது ஹஜ்ரத்!" என்று அழுதுவிட்டான். அவன் தோளை அணைத்துக்கொண்டேன். எரிகிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான், பிறருக்கு எரிவதும் விளங்கும்.

வஸ்ஸலாம்.