புளியின் சுற்றம்

கொன்றையும் புளியும் ஒரே பிரிவின. வாகை சற்று விலகிய உறவு. அகத்தியும் முள்முருக்கும் வேறு கிளை. அவரைக் குடும்பத்தைப் பற்றி மாணவப் பருவத்தில் நான் கற்ற பாடம் இது. 1865 இல் பெந்தமும் ஹுக்கரும் தம் பெருநூலில் வகுத்த முப்பிரிவு இதற்கு அடிப்படை. பூவே அவர்தம் சான்று. வண்ணத்துப்பூச்சி வடிவப் பூக்கள் ஒரு பிரிவு. கேசரங்கள் பஞ்சுபோல விரியும் சிறு பூக்கள் இன்னொன்று. எஞ்சியவையெல்லாம் கொன்றைப் பிரிவு. எஞ்சியவற்றை ஒன்றாகக் கட்டிவைத்தால் அவை ஒருதாய் மக்களாகிவிடுமா?

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துக்களால் ஆன நெடிய ஏடு. தலைமுறைதோறும் அது பெயர்த்தெழுதப்படுகின்றது. இடையிடையே ஓரெழுத்து மாறிவிடுகின்றது. பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கியோர்க்கு மேலே சொல்லவேண்டுவதில்லை. ஒரே இடங்களில் ஒரே பிழைகள் பல மலிந்த இரு சுவடிகள் ஒரு மூல ஏட்டின் வழிவந்தவை என்று அவர் கொள்வர். தாவரவியலாரும் அவ்வாறே கொள்கின்றனர்.

பல நாட்டு அறிஞர் கூடிய குழுவொன்று, பச்சையவுருமணியிலுள்ள ‘மட்-கே’ என்னும் பரம்பரையலகை 3,696 இனங்களில் ஒப்பிட்டு, 2017 இல் இக்குடும்பத்தை ஆறு உபகுடும்பங்களாக வகுத்தது. வண்ணத்துப்பூச்சிப் பூவின் பிரிவு குலையாது நின்றது. (பழைய அறிஞரின் கண் கூரியதே, அதனை இகழ்வார்க்கு நான் உடன்படேன்.) வாகையும் தொட்டாற்சுருங்கியும் தம் இனத்தோடு ஒன்றாகவே நின்றபோதிலும், கொன்றையின் உபகுடும்பத்துள் அடங்கின. சிதறியது அந்த எஞ்சிய கூட்டமே. ஆத்தியும் மந்தாரையும் தனியே பிரிந்தன. புளி வேறோர் உபகுடும்பத்திற்குச் சென்றது. பூவிலே பெரிதும் வேறுபட்ட அகத்தியே, புளியைக் காட்டிலும் கொன்றைக்குக் கிட்டிய உறவாயிற்று!

ஒரு பரம்பரையலகு ஒருவழி மரபையே உரைக்கும். ஆதலின் கருவிலுள்ள பரம்பரையலகுகளையும் பின்னர் ஆராய்ந்துள்ளனர். முதற் கிளைகள் குறுகிய காலத்துள் பிரிந்தமையால், அவற்றுள் எது முந்தியது என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

இலங்கைக்கே உரிய மரமொன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். கரிய மென்மயிர் போர்த்த சிறு காயும் புளிப்புச் சதையும் உடைய அதனைச் சிங்கள மக்கள் ‘கல்சியம்பலா’, அதாவது கற்புளி, என்பர். நாவறிந்து இட்ட பெயர். டி.என்.ஏ. ஏட்டின்படியோ அது புளியின் உபகுடும்பத்தைச் சேர்ந்ததன்று. புளியைவிடக் கொன்றைக்கும் அகத்திக்குமே அணுக்கமானது.