மரபணுக் குறைக்காகக் காப்பீடு மறுக்கலாமா?

புது தில்லி: தாய்க்கு மார்பகப் புற்றுநோய், தாயின் தங்கைக்கும் அதே நோய். இத்தகைய குடும்பத்துப் பெண்ணின் மனத்தில் "எனக்கும் வருமா?" என்ற கேள்வி எழாமல் இராது. அதற்கு ஓரளவு விடை தரக்கூடிய மரபணு பி.ஆர்.சி.ஏ.1.

இது 17-வது குரோமோசோமில் உள்ளதென 1990-ல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் தலைமையிலான குழுவினர் கண்டறிந்தனர். 1994-ல் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது.

செல் பிரியும் முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்துக் கொள்கிறது. சில நேரங்களில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் அறுந்துவிடும். பழுது நீங்கும்வரை செல் பிரியாமல் நிறுத்தி வைக்கவும், பிரதியைப் பார்த்து அறுந்த இடத்தைப் பிழையின்றி இணைக்கவும் இம்மரபணு தரும் புரதம் உதவுகிறது. புரதம் செயலிழந்தால் பிழைகள் பெருகிப் புற்றுநோய்க்கு வழி பிறக்கிறது.

பழுதான பி.ஆர்.சி.ஏ.1 உள்ள பெண்கள் 100 பேரில் சுமார் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயும், 44 பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும் என 2017-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. குறை தந்தை வழியாகவும் வரலாம். இதைப் பலர் அறிவதில்லை.

முன்கூட்டியே அறிந்தால் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை எனத் தற்காத்துக் கொள்ளலாம். ஆனால், பரிசோதனை முடிவைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டால்?

இக்கேள்வியைத் தில்லி உயர் நீதிமன்றம் வேறொரு நோயை முன்வைத்துச் சந்தித்தது. மரபுவழி இதயத்தசை நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, "மரபணுக் கோளாறு" எனக் கூறிக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. பொத்தாம் பொதுவான இந்த விலக்கு விதி பாகுபாடானது, அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது என்று நீதிபதி பிரதிபா எம். சிங் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தார். இக்காரணம் கூறிக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எனினும், விலக்கு விதியை ரத்து செய்த பகுதிக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தடை விதித்தது.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் மரபணுப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. இங்கு 2022-ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. இவர்களில் பரம்பரைக் குறையால் பாதிக்கப்பட்டோர் சிறு பகுதியினரே. ஆயினும் அவர்களின் மகள்களும் தங்கைகளும் பரிசோதனைக்கு முன்வர, இந்தத் தயக்கம் நீங்க வேண்டியிருக்கிறது.