காலி மெஷினின் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் தெரு எதில் நுழைந்தாலும் கேட்டில் ஒரு பலகை கண்ணில் படும்: ‘டெய்லர், செக்கிங், கைமடி – ஆட்கள் தேவை’. ஆர்டர் சுணங்கும் மாதங்களில் கழற்றி வைப்பார்கள். பிறகு மறுபடியும் மாட்டிவிடுவார்கள். பாலினச் சமத்துவம் என்று பேச்செடுத்தால், ‘அதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம், நமக்கெங்கே கட்டுப்படியாகும்’ என்பதே சிறு முதலாளிகள் பலரின் பதில். ஆனால் அந்தப் பலகை ஏன் திரும்பத் திரும்ப ஏறுகிறது என்று கேட்டால், பேச்சு தானாகவே லாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும்.

இருபது மெஷின் போட்டிருக்கும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்வோம். டி-ஷர்ட் கைமாறிக் கைமாறித்தான் உருவாகிறது. ஓவர்லாக்கில் தோள் சேர்ப்பார்கள், அடுத்தவர் கழுத்துப்பட்டி வைப்பார், இன்னொருவர் கை ஏற்றுவார், கடைசியில் பிளாட்லாக்கில் அடி மடிப்பு. கழுத்துப்பட்டி வைக்கும் பெண் நின்றுவிட்டால் அவருக்கு முன்னால் பண்டல் குவியும். பின்னால் இருப்பவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார். புதிதாக வருபவர் கை பழகும்வரை ஆல்டரும் டேமேஜும் தனிக் கணக்கு. பெரிய தொழிற்சாலையில் பக்கத்து லைனிலிருந்து ஒருவரை இழுத்துப் போடலாம். சின்ன யூனிட்டில் இழுக்க ஆள் ஏது? பழகிய கை போகாமல் பார்த்துக்கொள்வதால் வரும் ஆதாயம் சிறு தொழிலுக்கே கூடுதல் என்று சொல்வது இதனால்தான்.

அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. நாடு முழுக்க ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று கூலி வைக்கக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. திருப்பூரில் கூலி ஒப்பந்தம் வேலைப் பிரிவு வாரியாகப் போடப்படுகிறது. கட்டிங்குக்கும் டெய்லருக்கும் மேல்தட்டுக் கூலி. செக்கிங் அதற்குக் கீழே. கைமடி எனும் உதவி வேலையும் பிசிறு வெட்டுவதும் அடித்தட்டு. அடித்தட்டில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். காகிதத்தில் பாகுபாடு எதுவும் தெரியாது. ஆனால் கைமடியாகச் சேர்ந்தவரை வருடக்கணக்கில் அங்கேயே நிறுத்திவிட்டு, டெய்லர் கிடைக்கவில்லை என்று அதே கேட்டில் பலகை மாட்டுவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? மதிய இடைவேளையில் காலி மெஷினில் உட்காரவிட்டுப் பழக்கியிருந்தால் டெய்லர் உள்ளேயே கிடைத்திருப்பார்.

சூப்பர்வைசர் பதவியிலும் இதே கதைதான். வங்கதேச ஆயத்த ஆடை ஆலைகளில் பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்த விஷயம் இது. அங்கே லைனில் தைப்பவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பெண்கள். சூப்பர்வைசர்களில் 95 சதவீதம் ஆண்கள். தொழிலாளிகளில் ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து சூப்பர்வைசர் வேலையில் விட்டார்கள். தொடக்கத்தில் பெண்களின் கீழ் இருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அந்த லைன்களில் உற்பத்தியும் சற்றுப் பின்தங்கியதற்குத் தடயம் உண்டு. சுமார் நான்கு மாதத்தில் இரண்டும் ஆண் சூப்பர்வைசர்களுக்கு இணையாக வந்துவிட்டன. நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு லைனைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது சனிக்கிழமை சம்பளம் போடும்போதே ‘சரிப்பட்டு வரவில்லை’ என்று திரும்ப வாங்கிக்கொள்ளும் முதலாளிகளுக்கு இந்த நான்கு மாதக் கணக்கைக் காட்ட வேண்டும்.

பெங்களூரின் ஐந்து ஆடை ஆலைகளில் நடந்த இன்னொரு ஆய்வு சங்கடமான செய்தியையும் சேர்த்துச் சொல்கிறது. பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, பிரச்சினையைத் தீர்ப்பது போன்றவற்றில் பெண் தொழிலாளிகளுக்குப் பயிற்சி தந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி முடிந்து எட்டு மாதம் ஆனபோது நிறுவனத்துக்குக் கிடைத்திருந்த நிகர ஆதாயம் செலவில் 256 சதவீதம். அந்தப் பெண்களின் சம்பளம் ஏறியது அரை சதவீதம்! பயிற்சி பெற்றதால் வேலையை விட்டு நிற்பவர்களின் எண்ணிக்கையும் குறையவில்லை. இதைச் சமத்துவத்தின் வெற்றி என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆளைத் தக்கவைக்க வேண்டுமென்றால் லாபத்தில் ஒரு பங்கு சம்பளக் கவருக்குள்ளும் போக வேண்டும்.

சிறு முதலாளிகள் அதிகம் பயப்படுவது பிரசவ விடுப்புக்குத்தான். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் என்றால் 90,000 ரூபாய். இருபது மெஷின் யூனிட்டுக்கு இது பெரிய தொகைதான். ‘புதுசாகக் கல்யாணமான பெண் வேண்டாம்’ என்று காதோடு காதாகச் சொல்லும் வழக்கம் இந்தத் தொகையிலிருந்து பிறக்கிறது.

ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் யூனிட் இ.எஸ்.ஐ. வரம்பில் வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.தான் கொடுக்கிறது, முதலாளியின் பையிலிருந்து போவதில்லை. அதற்கு அவர் மாதாமாதம் கட்ட வேண்டியது சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். 15,000 ரூபாய்க்கு முதலாளியின் பங்கு 487 ரூபாய் 50 காசு. பெண்ணை வைத்தாலும் ஆணை வைத்தாலும் அதே தொகைதான். ஆண்களை மட்டும் வைத்தால் மிச்சம் என்ற கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது.

பலன் கிடைக்க வேண்டுமானால் பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களில் அந்தப் பெண்ணின் பெயரில் 70 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறாமலே போவது நடக்கிற விஷயம். அப்படி விடுபட்ட பெண் பிரசவத்துக்குப் போகும்போதுதான், மாதம் 487 ரூபாயை மிச்சம் பிடித்த முதலாளியின் தலையில் 90,000 ரூபாய்ப் பொறுப்பு வந்து விழுகிறது.