கொண்டைக்குக் காவல் குட்டிப் பின்னல்!

(பசங்களும் படிக்கலாம். வீட்டில் தங்கச்சி இருந்தால் உதவும்!)

போன வருடம் ஆண்டு விழாவில் எங்கள் வகுப்பு கும்மி ஆடியது ஞாபகம் இருக்கிறதா? கும்மியை விட, நடுவில் அவிழ்ந்து விழுந்த ஒரு கொண்டைதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது என் கொண்டைதான்! குனிந்து நிமிர்ந்தேன், முடி முழுவதும் முகத்தில் வந்து விழுந்தது. கும்மி அடிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எப்படித் தட்டுவது? கீழே ஒரே சிரிப்பு.

வீட்டுக்கு வந்து அழுதேன். பாட்டி சொன்னார்: "இத்தனை நீள முடிக்கு வெறும் ஊசி எப்படிடி தாங்கும்? ரெண்டு பக்கமும் சின்னதா பின்னி, கொண்டையைச் சுத்திக் கட்டணும். அழகுக்கு அழகு, காவலுக்குக் காவல்." அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கொண்டை ஏன் அவிழ்கிறது?

நீள முடிக்கு எடை அதிகம். அந்த எடை முழுவதையும் ஒரே ஒரு ரப்பர் பேண்டு தாங்குகிறது. முடி வழவழப்பாக இருப்பதால் ஊசியும் மெல்ல நழுவிவிடும். பின்னல் அப்படி இல்லை. மூன்று கால்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் மேடும் பள்ளமுமாக இருக்கும். ஊசி அதில் நன்றாக மாட்டிக்கொள்ளும். அதனால் குட்டிப் பின்னல் வெறும் அலங்காரம் இல்லை, அது ஒரு கயிறு மாதிரி!

தேவையானவை

வால் சீப்பு 1, பெரிய ரப்பர் பேண்டு 1, சின்ன ரப்பர் பேண்டு 2, கொண்டை ஊசி 6, ஹேர்பின் 4, பூச்சரம் ஒரு முழம்.

செய்முறை

1. முதல் நாளே தலைக்குக் குளித்து, நன்றாகக் காயவைத்து, சிக்கு எடுத்துக்கொள்ளவும். ஈரத்தோடு பின்னக் கூடாது. ஈர முடியை இழுத்தால் நீளும், சீக்கிரம் அறுந்தும் போகும்.

2. இரண்டு காதுக்கும் மேலே சுண்டு விரல் பருமனுக்கு முடியைப் பிரித்து முன்னால் விடவும். மீதி முடியைப் பின்னால் வாரி குதிரைவால் போடவும்.

3. முன்னால் விட்ட முடியை நுனி வரை மூணு கால் பின்னலாகப் பின்னி, சின்ன ரப்பர் பேண்டு போடவும். பின்னலின் ஓரத்தை லேசாக இழுத்துவிட்டால் அகலமாகத் தெரியும். முடி கம்மியாக இருப்பவர்களுக்கும் பின்னல் நிறைவாக இருக்கும்.

4. குதிரைவாலை முறுக்கிச் சுற்றிக் கொண்டை போடவும். கொண்டை ஊசியை நேராகக் குத்தினால் நிற்காது. முதலில் ஊசியின் முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்து, கொண்டையின் ஓர முடியைக் கொஞ்சம் கோர்க்கவும். பிறகு ஊசியை அப்படியே திருப்பி, கொண்டையின் நடுப்பக்கம் பார்த்துத் தள்ளவும். இதுதான் முக்கியமான இடம். நான் போன வருடம் தப்பு செய்ததும் இங்கேதான்.

5. வலது பின்னலைக் கொண்டையின் மேல்பக்கமாக இடது பக்கம் கொண்டுபோய்ச் சுற்றவும். இடது பின்னலைக் கீழ்ப்பக்கமாக வலது பக்கம் கொண்டுவரவும். நுனிகளைக் கொண்டைக்கு அடியில் செருகி, பின்னலோடு சேர்த்து ஹேர்பின் குத்தவும்.

6. பின்னலை ஒட்டிப் பூச்சரம் வைக்கவும். கடைசியாகக் குனிந்து தலையை நன்றாக ஆட்டிப் பார்க்கவும். ஆடாமல் நின்றால் நீங்கள் பாஸ்!

கொஞ்சம் கணக்கு

என் கொண்டையின் குறுக்களவு 8 செ.மீ. சுற்றளவு 3.14 × 8, அதாவது சுமார் 25 செ.மீ. ஒரு முறை சுற்றவே பின்னல் இவ்வளவு நீளம் வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. தான் வளரும். அப்படியென்றால் அந்த 25 செ.மீ. இரண்டு வருட வளர்ச்சி! என் முடி 72 செ.மீ. இருக்கிறது. அதன் நுனி நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது முளைத்தது! அதை ஒரு நாள் விழாவுக்காக இழுத்து அறுக்கலாமா?

எச்சரிக்கை!

"இறுக்கிக் கட்டினால்தான் நிற்கும்" என்று நிறைய பேர் நினைக்கிறோம். அது தப்பு. தினமும் இழுத்து இறுக்கினால் நெற்றி ஓரத்திலும் காது ஓரத்திலும் முடி கொட்டும். அப்படியே வருடக்கணக்கில் விட்டால் வேர் கெட்டு, அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். தலை வலித்தாலோ, முடி ஓரத்தில் சின்னச் சின்னப் பொரி வந்தாலோ உடனே தளர்த்துங்கள். விழா முடிந்த அன்று இரவே எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். கொண்டையை நிறுத்துவது இறுக்கம் இல்லை, ஊசி குத்தும் முறையும் பின்னலும்தான்.

நமக்குத் தினமும் ரெட்டைச் சடைதான். கொண்டை போட வருடத்தில் ஒரு நாள்தான் கிடைக்கிறது. அன்று யாரும் என்னை மாதிரி மேடையில் முடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள், பின்னிக் காட்டுகிறேன். இந்த வருடமும் நான் கும்மியில் இருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு கையும் தட்டும்!

உங்களுக்குத் தெரியுமா?

★ பெண்களின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர்.

★ மலைப்பாதையில் 'கொண்டை ஊசி வளைவு' என்கிறோமே, அது நம் தலையில் குத்தும் ஊசியின் வடிவம்தான். கொல்லிமலைப் பாதையில் அப்படி 70 வளைவுகள் இருக்கின்றன!



– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி